கோட்டில் விழுந்த பந்து

எங்கள் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் குழு ஆண்டுக்கொரு முறை எல்லை தாண்டி ஜொகூர் போய் அங்குள்ள குழுவுடன் ஆடிவிட்டு வரும். பெருந்தொற்றால் நின்றுபோன அந்தப் பயணம், எல்லை திறந்த வருடம் மறுபடி தொடங்கியது. அணியில் ஓர் இடம்தான் மீதமிருந்தது. அதற்காக நானும் என் மனைவியின் தம்பியும் ஆங் மோ கியோ கோர்ட்டில் மோதினோம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அது. அதற்கும் முந்தைய வாரம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். தவறு, அந்த வாரம் மழையில் யாருமே ஆடவில்லை.

நான் டென்னிஸைப் பாதி புத்தகங்களில் கற்றவன். அவை எல்லாம் சுற்றிவளைத்து ஒன்றைத்தான் சொல்லின: எங்களைப் போன்றவர்கள் புள்ளிகளை அடித்து எடுப்பதைவிடத் தவறவிட்டுத் தொலைப்பதே அதிகம். ஆகவே வலைக்கு மேலே நல்ல உயரம் கொடுத்து, குறுக்காக, ஆழமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எதிராளி சலிக்கும்வரை. பார்ப்பவர்களுக்கு இதில் ரசிக்க ஒன்றுமில்லை. எனக்கு வேறு ஆட்டமும் வராது.

மச்சினன் உட்லண்ட்ஸிலிருந்து வருவான். பந்தை உடைத்துவிடுவதுபோல அடிப்பான். "டென்னிஸ் ஆடுறீங்களா அத்தான், இடியாப்பம் பிழியிறீங்களா?" என்பான். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

எங்களுக்கு நடுவர் கிடையாது. அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பந்து உள்ளே என்று கொள்வது வழக்கம். அவன் பந்துகள் வரும் வேகத்தில் பலவற்றை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. சந்தேகத்தில் அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். என் பந்துகள் மெதுவானவை. அவற்றில் சந்தேகம் வர வழியில்லை. தவறாகச் சொல்வதென்றால் தெரிந்தேதான் சொல்ல வேண்டும்.

டைபிரேக்கில் ஆறுக்கு ஆறு வரை போனோம். இனி இரண்டு புள்ளி முன்னே போகிறவனுக்கு ஆட்டம். அவன் களைத்துவிட்டான், மூச்சு வாங்குவது வலைக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் உயர்த்திப் போட்ட பந்து பின்கோட்டில் விழுந்தது. கோட்டின் மேலேயே. கோட்டில் பட்டாலும் பந்து உள்ளேதான். அவன் அதன் பக்கத்தில் நின்று, அது விழுவதைப் பார்த்துவிட்டு, விரலை உயர்த்தினான்.

"அவுட்."

சிமென்ட் தரை, பந்து தடம் விடாது. "நல்லா பாத்தியா?" என்று கேட்டேன்.

"என்ன அத்தான், குடும்பத்துக்குள்ள பொய் சொல்வேனா?"

அதற்குமேல் என்ன கேட்பது? வேறு யாராக இருந்தாலும் புள்ளியை மறுபடி ஆடலாம் என்றிருப்பேன். மனைவியின் தம்பியைப் பத்துப் பேர் முன்னால் பொய்யன் என்று சொன்னால், அது அன்று மாலையே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெஞ்சைப் பார்த்தேன். பூசை முடித்து நேராகக் கோர்ட்டுக்கு வரும் மூத்த நண்பர் ஒருவர் அந்தக் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

அடுத்த பந்து சுலபமாகத்தான் வந்தது. அதுவரை செய்ததையே செய்திருக்கலாம். கை கேட்கவில்லை. அவன் முகத்துக்கு நேராக, என் பலம் முழுவதையும் போட்டு அடித்தேன். அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான். பந்து பின்வேலியில் போய் மோதியது. ஜொகூருக்கு அவன் போனான்.

அன்று மாலை தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்கு மனைவியோடு மூவருமாகப் போனோம். சாப்பிடும்போது, ஆட்டம் எப்படி என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"அத்தான் நல்லாத்தான் ஆடுனாரு அக்கா," என்றான் பரோட்டாவைப் பிய்த்தபடி. "கடைசி பாயிண்ட்லதான் அவசரப்பட்டுட்டாரு."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என்ன இருந்தாலும் நிதானம் வேண்டாமா என்று மனைவி என்னைக் கேட்டாள். தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.