மாப்பிள்ளை முறுக்கு

எலியின் மூளையிலிருந்து எடுத்த, தலைமுடி கனமே உள்ள ரத்தக் குழாயை இரண்டு கண்ணாடிக் குழல்களுக்கு நடுவே இழையால் கட்டி வைப்பதுதான் மாப்பிள்ளையின் உத்தியோகம். மாமனார் வீட்டில்தான் அவர் மாப்பிள்ளை. ஆய்வுக்கூடத்தில் வெறும் டெக்னீஷியன். உள்ளே உப்புத் தண்ணீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றுவார். நல்ல குழாய் முதலில் கொஞ்சம் புடைக்கும், பிறகு சுதாரித்துக்கொண்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். அதற்கு அப்பால் இருக்கிற மெல்லிய குழாய்கள் வெடித்துவிடாமல் காப்பாற்றத்தான் இந்த முறுக்கு. மூளையின் உத்தரவுகூட வேண்டாம். குழாயின் தசையே முடிவெடுத்துக்கொள்ளும். அழுத்தியும் முறுக்காவிட்டால் செத்த குழாய் என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

மூளையைக் கேட்காமல் முறுக்கிக்கொள்வதில் மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னும் எலிதானா மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டுவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள், அதுதான் சுருக்கென்றது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு தனியாகக் கிளம்பி வந்துவிட்டார். அவரே வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும், போகிறேன் என்று அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

மாமியார் போன் செய்தார்; இவர் இறுகினார். மச்சான் நேரில் வந்து கெஞ்சினான், இன்னும் இறுகினார். "வந்து கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவியே வாய்விட்டுக் கேட்டபோது, வேலை தலைக்கு மேல் கிடப்பதாகச் சொன்னார். குடும்பத்தின் நன்மைக்காகத்தான் விறைப்பாக இருப்பதாக மனதார நம்பினார். இன்றைக்கு இளகினால் நாளைக்கு ஆளாளுக்கு ஏறி மிதிப்பார்கள் அல்லவா? தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே குறையும் சொல்லிக்கொண்டார்.

பிறகு போன் வருவது நின்றது. முதலில் ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது. நாலைந்து நாள் போனதும் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். முறுக்கு போன இடம் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே போய் வாசலில் நின்றார்.

மனைவி உட்காரச் சொன்னாள். மடித்துக்கொண்டிருந்த துணிகளைத் தொடர்ந்து மடித்தாள்.

"போனையே காணோமே? அழுத்தினது போதும்னு எல்லாரும் விட்டுட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்லங்க. அலுத்துப்போச்சு."

குரலில் குத்தல் இல்லை. கூப்பிடத்தான் வந்தேன் என்றார். பார்க்கலாம் என்றாள். அன்றைக்கு எழுந்து வந்தது தன் தப்புதான் என்றார். தலையாட்டினாள். உன் அப்பா பேசினதும் தப்புதானே என்றார். அதற்கும் தலையாட்டினாள். உங்கள் குடும்பத்துக்கே வாய் நீளம் என்று சீண்டிக்கூடப் பார்த்தார். ஆமாம் என்றாள். அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"சண்டையாவது போடேன்" என்றார்.

அவள் கையிலிருந்த சட்டையின் காலரை நீவிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குங்க?" என்றாள்.