பிள்ளைக் காம்பராவின் பின்புறம்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் றில்வானுக்குப் பதுளையில் பொறுமைசாலி என்று பெயர். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயம் அந்தப் பெயரை ஒரே மழைக்காலத்தில் கெடுத்துவிட்டது.

அங்கே டெங்கு. அதுவும் பார்த்துப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளையே பிடித்தது. அந்த லயத்து மாணிக்கராஜின் மகள் டிலக்ஷி, பால்பல் விழாத பிள்ளை, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறக் கிடந்தாள். நுளம்பு பெருகும் இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்கும் இந்த லயத்திலிருந்தே ஒரு பிள்ளை வரும்.

ஆனால் றில்வான் எப்போது போனாலும் லயம் கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல இருந்தது. வாசலில் ஒரு சிரட்டை கிடையாது. தகரக் கூரை பறக்காமலிருக்க எல்லா லயத்திலும் ஏற்றி வைக்கும் பழைய டயர்கூட இல்லை. இந்தக் காற்றில் கூரை எப்படி நிற்கிறது என்று கேட்டதற்கு, மாதா காப்பாற்றுகிறாள் என்றார்கள்.

காப்பாற்றியது மாதா அல்ல, பெரட்டு. தோட்டத்துக்குள் வருமுன் அதன் அலுவலகமான கந்தோருக்குச் சொல்ல வேண்டும். கந்தோர் கங்காணி தம்பையாவுக்குச் சொல்லும். தம்பையா காலைப் பெரட்டில், எந்த மலைக்கு யார் என்று ஆள் பிரிக்கும்போதே, இன்ஸ்பெக்டர் வரும் செய்தியையும் அறிவித்துவிடுவார்.

எரிச்சல் தலைக்கேறிய ஒரு நாள், வெயில் ஏறியபின் வருவதாகச் சொல்லிவிட்டு, றில்வான் பெரட்டு கலையும் நேரத்துக்கே போனார். மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு நடந்தார்.

மேலே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தோளில் டயர், தலையில் உடைந்த பேசின், இடுப்பில் பெயின்ட் வாளி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவின் பின்புறத்தில் அது முடிந்தது. அங்கே முந்திய ஊர்வலங்களில் வந்து திரும்பிப் போகாதவை மழைநீரோடு குவிந்திருந்தன. றில்வான் ஒரு டயரைச் சரித்தார். நுளம்புக் குடம்பிகள் புழுப்புழுவாய் நெளிந்தன. தலைக்கு மேலே ஜன்னல். உள்ளே பிள்ளைகளின் கூச்சல்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நேசராணியிடம், இதை ஏன் இங்கே கொட்டவிட்டீர்கள் என்று கேட்டார்.

"எங்க வாசல்ல கெடந்தா எங்க மேல கேஸு. இது தோட்டத்துக் கட்டடங்க சேர். தொரை மேல யாரு கேஸு போடப் போறா?"

சுமை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். இவ்வளவு மூளையையும் குப்பையை ஒளிக்கவா செலவழிப்பது என்று றில்வானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இந்த நுளம்பு கடிக்கிறது பகல்லம்மா. பகல்ல இங்க யாரு இருக்காங்க?"

சிரிப்பு நின்றது. நேசராணி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு முதல் டயரைக் கவிழ்த்தாள்.

பேசின்களையும் வாளிகளையும் தோட்டத்து லொறி ஏற்றிப் போனது. டயர்கள் தண்ணீர் தேங்காதபடி ஓட்டை போடப்பட்டுக் கூரைக்குத் திரும்பின. கிளம்பும்போது தம்பையா மரியாதையாகக் கேட்டார்: "அடுத்து எப்ப வருவீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா சுத்தமா வச்சிருப்போங்க."

றில்வான் வானத்தைப் பார்த்தார். கத்திப் பயனில்லை.

"இன்னைக்கு வாறேன்னு சொல்லுங்க கங்காணி. தெனமும் பெரட்டுல சொல்லுங்க."

டிலக்ஷி வீடு திரும்பினாள். அதன்பின் அந்த லயத்திலிருந்து புதிதாகக் காய்ச்சல் வரவில்லை. வந்தது தம்பையாவின் தொலைபேசி அழைப்பு.

"என்னங்க சேர், தெனமும் கூட்டிக் கவுத்து வச்சிட்டுக் காத்திருக்கோம், நீங்க வர்ற வழியக் காணோம். பொம்பளைங்க என்னையப் பொய்யன்ங்கிறாளுக."

"நாளைக்குக் கட்டாயம் வாறேன்" என்றார் றில்வான்.