பெயர் சுரண்டிய டிரம்

எங்கள் வீட்டுப் பின்புறம் அந்த நீல டிரம் இன்றும் கவிழ்ந்தபடி கிடக்கிறது. அதன் வயிற்றில் கையகலத்துக்கு ஒரு சொரசொரப்பான சதுரம். அங்கே ஒட்டியிருந்த லேபிளை மாமாதான் பிளேடால் சுரண்டினார். கடலூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக அவருக்கு அதுதான் வேலை. காலி டிரம்மைக் கழுவ வேண்டும், பெயரைச் சுரண்ட வேண்டும். அதன்பிறகுதான் கம்பெனி அதை வெளியே விற்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அவற்றில்தான் தண்ணீர் பிடித்து வைத்தன. எங்களுக்கும் ஒன்று கொண்டுவந்தார்.

உள்ளே என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. லேபிளின் ஆங்கிலத்தை அவரால் படிக்க முடியாது. ஊரார் எல்லோரையும் போல அவரும் வாடையை வைத்தே பெயர் சொல்வார். "இன்னிக்கு நெயில் பாலீஷ் ஜாஸ்தி. நேத்து அழுவுன முட்டையே தேவலாம்" என்பார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிரிப்போம். சிரிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு எதுவும் தரப்படவில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் சேர்ந்த வருடம், மாமா வேலையிலேயே சுருண்டு விழுந்தார். சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் நல்லவர். "எந்தக் கெமிக்கல்னு தெரிஞ்சா அதுக்கேத்த மருந்து குடுக்கலாம். பேர் என்ன?" என்று கேட்டார்.

மாமா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, தெரிந்ததைச் சொன்னார். "பலாப்பழம் சார். கொஞ்சம் பூண்டு."

மருத்துவரின் பேனா அப்படியே நின்றது.

பஸ் பிடித்துக் கம்பெனி வாசலுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு பெயரைக் கேட்டு வர முடியாதா என்ற திமிர் இருந்தது. சூப்பர்வைசர் கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினார்.

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்மா. சொன்னா மட்டும் ஒனக்குப் புரியப்போவுதா?"

"கெமிஸ்ட்ரி படிக்கறேன் சார். சொல்லிப் பாருங்க."

கேட்டைச் சாத்திவிட்டார். பெயர் தெரியாத ஒன்றுக்கு மருத்துவரும் பொதுவான மருந்துகளைத்தான் தர முடிந்தது. அது போதவில்லை. தன் கையால் சுரண்டிய பெயர் என்னவென்று தெரியாமலேயே மாமா செத்தார். அன்று மாலை அத்தை டிரம்மின் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தார்.

இப்போது நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பெயர் ஒட்டாத ஒரு சின்னப் புட்டியைக்கூட அலமாரியில் வைக்க விடமாட்டேன். கம்பெனி வாசலில் இன்றும் பெயர்ப்பலகை பளபளக்கிறது. உள்ளே இருப்பவற்றின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

போன வாரம் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் வந்தார். டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி புடிக்கக் கேக்கறாங்கம்மா. உள்ள என்னா இருந்துச்சு?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். படித்தவள் சொல்வாள் என்று காத்திருந்தார். நான் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பலாப்பழம்" என்றார் அத்தை. "குடுக்கறதுக்கில்ல. போய்ட்டு வாப்பா."