மஞ்சக்குட்டைச் சிரிப்பு

ஏற்காட்டில் ஏழாம் வகுப்புக்கு மனநலப் பாடம் எடுக்கத் தொடங்கியபோது, தினமும் காலையில் அவரவர் மனநிலையை ஒரு முகமாக வரையச் சொன்னேன். வாடிய முகம் வரைந்தவர்களிடம் பள்ளி விட்டதும் தனியாகப் பேசுவேன். மஞ்சக்குட்டைப் பிள்ளைகள் மட்டும் ஒருநாள் தவறாமல் சிரித்த முகமே வரைந்தார்கள். அந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரே வியப்பு.

"ஏன் கண்ணு, உங்க ஊர்ல யாருக்குமே கவலை வராதா?" என்று அந்த ஊர்ப் பிள்ளை ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"வருமுங்க மிஸ். அழுவுற மூஞ்சி போட்டா நீங்க நிறுத்தி வச்சுப் பேசுவீங்க. அதுக்குள்ள எங்க ஊரு ஜீப்பு போயிருமுங்க."

மறுநாளே பேச்சை மதிய இடைவேளைக்கு மாற்றினேன். அன்று ஸ்டெல்லா வரைந்த முகத்தில் கண்ணீர் இருந்தது. அதுவரை அவள் வரைந்த சிரிப்புக்கெல்லாம் நான் 'வெரிகுட்' போட்டிருந்தேன்.