பழசு என்றொரு ஃபோல்டர்

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவரைக் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. நோயாளிகளின் விவரங்களை வார்டுத் திரைகளில் காட்டுகிற புரோகிராமைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. துணைக்கு இருந்தது அவருடைய கொழுந்தன். வேலை இல்லாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தவனை அக்காதான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தார்.

அந்தப் புரோகிராம் பல கை பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதற்கு வேண்டிய ஃபைல்களின் பெயர்களை வரிசையாக எழுதியாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் பக்கம் படுத்துவிடும். வார்டிலிருந்து போன் அலறும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் உட்கார்ந்து சின்னதாக ஒரு புரோகிராம் துண்டு எழுதினார். எந்தப் பெயர் தேவைப்படுகிறதோ அதை அதுவே ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நுழைந்து தேடும். முதலில் கண்ணில் படுகிற ஃபைலை எடுத்து வந்துவிடும். போன் ஓய்ந்தது.

"அண்ணி, இனிமே நம்மள இங்க தூங்கறதுக்குத்தான் வச்சிருக்காங்கன்னு ஊரே பேசப்போகுது" என்றான் கொழுந்தன்.

அவனுக்கு ஒரு பழக்கம். எதையாவது மாற்றுவதற்கு முன் மொத்தத்தையும் நகலெடுத்து, உள்ளேயே 'பழசு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவைப்பான். ஒருமுறை அது அக்கா கண்ணில் பட்டது.

"இத வெளிய எடுத்து வச்சிடுப்பா."

"இருக்கட்டும் அண்ணி. ஏதாவது ஆச்சுன்னா கைக்கெட்டுற இடத்துல இருக்கும்."

புதிய ஃபைல்தான் எப்போதும் முதலில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. அக்காவும் விட்டுவிட்டார்.

பிறகு புதிய சர்வர் வந்தது. எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்கள். பழைய மெஷின் ஃபோல்டர்களை ஒரு வரிசையில் கொடுத்தது, புதியது வேறு வரிசையில். இப்போது 'பழசு' முந்திக்கொண்டது. ஃபைலே காணாமல் போயிருந்தால் பக்கம் விழுந்திருக்கும், போன் வந்திருக்கும். பெயர் சரியாக இருந்ததால் எதுவும் விழவில்லை. ஒவ்வாத மருந்தைச் சிவப்பில் காட்டுகிற வரி மட்டும் திரையில் இல்லாமல் போனது. அந்த வரியைச் சேர்ப்பதற்கு முந்தைய ஃபைல் அது.

அந்த வாரம் காலில் புண்ணோடு ஒரு வெல்டர் வந்து சேர்ந்தார். ஜுர வேகத்தில் அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் திரையைப் பார்த்தார், சிவப்பு இல்லை, ஊசி போட்டார். மனைவி மேலே வருவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

மறுநாள் நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "பாத்தேன்க்கா, சத்தியமா பாத்தேன். ஒண்ணுமே இல்ல" என்று அவர் லிஃப்ட் வாசலில் அழுதது அக்காவை உட்காரவிடவில்லை. வெல்டரின் விவரத்தைத் தேடி எடுத்தார். ஒவ்வாத மருந்தின் பெயர் பதிவாகித்தான் இருந்தது. பிறகேன் திரைக்கு வரவில்லை? எந்த ஃபைல் ஓடுகிறது என்று காட்டவைத்தார். ஃபைல் இருக்கும் பாதையின் நடுவே 'பழசு' என்று வந்தது.

தோளுக்குப் பின்னாலிருந்து கொழுந்தனும் படித்துவிட்டான்.

"அண்ணி, அதத் தூக்கிடலாம். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு?"

"அவங்களுக்கு வேற ஆஸ்பத்திரி கிடைக்கும். எனக்கு யாரு வேலை குடுப்பா?"

அக்கா எல்லா வார்டுக்கும் போன் செய்து, திரையை நம்ப வேண்டாம் என்றார். பிறகு மேனேஜரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். தேடி எடுத்தது தான் எழுதிய துண்டு. நகலை வைத்தது கொழுந்தன். அதைப் பார்த்தும் சும்மா விட்டது தன் தவறு.

"என்ன இருந்தாலும் நர்ஸ் ஒரு வார்த்தை வாயால கேட்டிருக்கணும்ல?" என்றார் மேனேஜர்.

"யார்கிட்ட சார் கேக்கறது? அவருக்குத்தான் நினைவே இல்லியே."

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை, இனி ஊசியைத் தொடமாட்டேன் என்றாராம். அக்காவையும் கொழுந்தனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொழுந்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டான். "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று கணவர் சொன்னது ஒரே ஒருமுறைதான். அதன்பின் அவர் வீட்டில் பேசுவதே குறைந்துபோனது.

வெல்டரின் வீட்டுக்கு அக்கா தனியாகப் போனார். அவர் மனைவி கதவைப் பாதி திறந்தபடி நின்று முழுவதையும் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பார் என்று அக்கா தலைகுனிந்து நின்றார்.

"அப்ப, சேக்கும்போது நான் சொன்னது அதுக்குள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நாங்கதான் காட்டல."

"நான் சொல்ல மறந்துட்டேன்னு என் மாமியார் இன்னிவரைக்கும் என்கூடப் பேசறதில்ல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." கதவு முழுதாகத் திறந்தது. "உள்ள வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பேச்சைக் கலக்காமல் அக்கா முதலிலிருந்து சொன்னார். அவர் திரும்பவே இல்லை. கேட்டு முடித்ததும், "இவளப் போகச் சொல்லும்மா" என்றார். மகன் போன பிறகு மருமகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.