ஆர்டிஸ் தனியாக நின்ற மூலை

ஆர்டிஸ் தோர்சன் எத்தனாலைத் திட்டிய காலையில்தான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

ஜனவரி மாதம். எங்கள் ஊர் கூட்டுறவு பெட்ரோல் பங்கின் உள்ளே இருக்கும் காபி மேசை. சுற்றி உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஐந்து பேர் மக்காச்சோளம் போடுகிறவர்கள். அயோவா மாநிலத்தில் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு எத்தனால் என்ற எரிபொருளாகத்தான் விலைபோகிறது; ஒரு மக்காச்சோளக்காரனின் முகத்துக்கு நேரே அதைக் குறை சொல்வதும், அவன் பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதும் ஒன்றுதான்.

"எத்தனாலுக்குக் குடுக்கற சலுகையை மொத்தமா நிறுத்தணும்" என்றார் ஆர்டிஸ். "அப்படித் தைரியமாச் சொல்ற வேட்பாளர் எவராவது இருந்தா, என் ஓட்டு அவருக்குத்தான்."

டுவேன் ஸ்கார் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. அறுநூறு ஏக்கர் மக்காச்சோளம் போடுகிற மனிதர். போன வருஷம் இதே பேச்சைப் பேசிய ஒரு விதை வியாபாரியைக் கதவு வரைக்கும் துரத்தியவர். இப்போது வெடிக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆர்டிஸ்" என்றார்.

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். ஆர்டிஸ் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, காபியைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஆர்டிஸுக்கு எழுபத்தொரு வயது. இருபத்தொன்பது வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். ஊரில் ஐம்பது வயதுக்குள் இருக்கும் எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான். நான் இப்போது கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன், இருபத்து நான்கு வயதாகிறது, இன்னும் அவரை 'மிஸஸ் தோர்சன்' என்றுதான் கூப்பிடுகிறேன். பட்டாணியைத் தட்டில் மிச்சம் வைத்தவள் பிற்பாடு எத்தனை வளர்ந்தாலும் அவருக்கு முன்னால் அதே ஆள்தான்.

அவர் கணவர் மெர்ல் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், மண் சாலைகளைச் சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டியவர். போன செப்டம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். இருவரும் டெமாக்ரட்டுகள். எங்கள் பக்கத்தில் அந்தக் கட்சிக்காரர்களை ஒரு பள்ளி பஸ்ஸில் அடைத்துவிடலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரே கட்சி என்பதால் ஒரே கருத்து என்று நினைத்துவிடாதீர்கள்! திருமணமாகி நாற்பத்து நான்கு வருஷம், ஒரு தடவைகூட இருவரும் ஒரே மூலையில் நின்றதில்லை.

மூலை என்று நான் சொல்வது நிஜ மூலையைத்தான். எங்கள் ஊரில் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போடுவது கிடையாது. பிப்ரவரியில் ஒரு மாலை பள்ளிக்கூட ஜிம்மில் கூடுவோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. உனக்கு யாரைப் பிடிக்குமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலைக்குக் கணக்கில் இடமில்லை. அங்கே நிற்பவர்களை வளைத்துப்போட மற்ற மூலைக்காரர்களுக்கு அரை மணி நேரம். கெஞ்சலாம், வாதாடலாம், எலுமிச்சை கேக் கொடுத்து இழுக்கலாம்.

நாட்டுக்கான ஜனாதிபதித் தேர்தல் நவம்பரில். அதில் ஜெயிப்பார் என்று தோன்றுகிற ஆளுக்குப் பின்னால்தான் மெர்ல் எப்போதும் நிற்பார். "நவம்பர்ல யாரு ஜெயிப்பாங்கன்னு பாரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். ஆர்டிஸ், "பிடிச்ச ஆளுக்கு நிக்கத்தான் பிப்ரவரி. ஜெயிக்கிற ஆளுக்கு நவம்பர்ல நின்னுக்கலாம்" என்பார். ஜிம் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கும் இந்தச் சண்டை காலைக் கஞ்சியிலிருந்து படுக்கை வரைக்கும் போகும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் மெர்ல் நாற்காலியிலிருந்து எழுந்து, "நாயை வெளியே கூட்டிட்டுப் போகணும்" என்பார். ஊர் முழுக்க அது பரவி, காபி மேசையில் யார் வாதத்தில் மாட்டிக்கொண்டாலும், "என்னப்பா, நாய் கத்துதா?" என்று கேலி செய்வார்கள். அந்த நாய் பஸ்டர் போன வருஷம் எங்கள் கிளினிக்கில்தான் செத்தது. மெர்ல் அதன் கழுத்துப் பட்டையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெர்லும் போனார்.

அதற்குப் பிறகு ஆர்டிஸ் என்ன சொன்னாலும் ஊர் தலையாட்டியது. தேவாலயத்தில், தபால் ஆபீஸில், காபி மேசையில், எங்கேயும். புருஷனை இழந்தவளை எதிர்த்துப் பேசக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டதுபோல! எல்லாம் அன்புதான். துக்க வீட்டுக்கென்று சமைத்து, கதவடியில் கேசரோல் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போன அதே அன்பு. ஆனால் நாற்பத்து நான்கு வருஷம் தினமும் சண்டை போட்டுப் பழகிய ஒரு மனுஷிக்கு அது எப்படி இருந்திருக்கும்! எத்தனாலைத் திட்டியும் ஒருவரும் கோபப்படவில்லை என்றால், அவர் வேறு என்னதான் செய்வார்?

என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிப்ரவரியில் கூட்டம் நடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஜிம்முக்கு நாற்பது பேர் வந்தோம். வாசலில் பூட்ஸிலிருந்து உருகிய பனி குட்டைபோலத் தேங்கியிருந்தது. கூட்டத்தை நடத்துகிற லவோன், வருகைப் பட்டியலை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஆர்டிஸ் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, லவோன் பாய்ந்து ஒரு வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். பழைய பட்டியல். ஆர்டிஸுக்கு அடுத்த வரியில் 'தோர்சன், மெர்ல்' என்று அச்சாகியிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க ஆர்டிஸ், ஆபீஸ்ல இன்னும் எடுக்கல..."

"கையை எடு, லவோன். அவர் வந்திருந்தா எங்க நின்னிருப்பார்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மல்யுத்தப் பாய்களைச் சுருட்டி அடுக்கியிருக்கும் மூலையில். எப்போதும் அங்கேதான் மெர்ல் சாய்ந்து நிற்பார். இந்தத் தடவை அந்த மூலையில் கவர்னர் டிலாஹன்ட் பெயர் ஒட்டியிருந்தது, நவம்பரில் ஜெயிப்பார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தவர். மெர்லுக்கேற்ற வேட்பாளர்தான்.

தலை எண்ணினார்கள். டிலாஹன்டுக்குப் பத்தொன்பது. செனட்டர் ஓக்லிக்குப் பதினைந்து. என் வேட்பாளர் மேயர் மார்ச்செட்டிக்கு ஐந்து. ஐந்து! ஆறு வேண்டும். ஒரே ஒரு ஆள் குறைச்சல்! மூன்று மாதம் பனியில் வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறேன், ஒரே ஒரு ஆள்.

மிச்சமிருந்த அந்த ஒரு ஆள் ஆர்டிஸ்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, முன்னாள் செனட்டர் கிம்பல் என்று எழுதிய தாளுக்குக் கீழே, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். கிம்பலுக்கு நாடு முழுவதும் ஒரு சதவீத ஆதரவுகூட இல்லை. அவர் பெயரை ஒட்டிய லவோனே எழுத்துப்பிழையோடுதான் எழுதியிருந்தாள். ஆர்டிஸ் வாயிலிருந்து ஒரு நாளும் அந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய தரையில் அவர் ஒருத்தர் மட்டும், மேலே விளக்கு, சுற்றி யாருமே இல்லை. பார்க்கவே முடியவில்லை எனக்கு.

"அரை மணி நேரம்" என்றாள் லவோன்.

முதலில் டுவேன் போனார். கையில் காகிதத் தட்டில் எலுமிச்சை கேக்.

"ஆர்டிஸ், எங்க பக்கம் வந்தா சந்தோஷம். வராட்டியும் பரவாயில்ல. உங்க மனசுக்கு எது சரியோ அதைச் செய்யுங்க."

"கவர்னரால விவசாயிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, டுவேன். வெறும் பல்லுதான். முப்பத்திரண்டும் அழகா இருக்கு."

டுவேன் சிரிக்க முயன்றார். "நீங்க சொல்றதும் சரியா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தட்டை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஓக்லி ஆட்களும் போனார்கள். "உங்க விருப்பம்தான்" என்றார்கள், முதுகைத் தடவிக் கொடுத்தார்கள், வந்துவிட்டார்கள். ஆர்டிஸ் கேக்கைத் தொடவில்லை.

அப்புறம் நான் போனேன். நானும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"மிஸஸ் தோர்சன், எங்களுக்கு ஒரே ஒருத்தர்தான் வேணும். நம்ம கவுண்டி ஆஸ்பத்திரில பிரசவ வார்டை மூடிட்டாங்க. மேயர் மார்ச்செட்டிகிட்ட அதுக்கு ஒரு திட்டம் இருக்கு..."

"உன் மேயரம்மா ஊர்ல மூணு லட்சம் பேர். அங்க ஆஸ்பத்திரி நடத்தறது ஒரு வித்தையா, பிரின்? எண்ணூறு பேர் இருக்கற ஊர்ல நடத்திக் காட்டச் சொல்லு, பார்ப்போம்."

"அவங்க திட்டமே சின்ன ஊருக்குத்தான்! நீங்க படிக்கவே இல்ல போல."

"படிச்சேன். டாக்டர் எங்கேருந்து வருவாங்கன்னு அதுல எந்தப் பக்கத்துல இருக்கு? சொல்லு."

அது திட்டத்தில் இல்லை. எனக்குக் காது சுட்டது.

"சரி, உங்க கிம்பலோட திட்டத்துல இருக்கா?"

"கிம்பலுக்குத் திட்டமே கிடையாது. அதனால பொய்யும் கிடையாது."

"அப்ப எதுக்கு அவருக்கு நிக்கறீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது, ஜிம்மில் அது இரண்டு மடங்காகக் கேட்டது. "போன மாசம் என் அக்கா அம்பது மைல் பனியில வலியோட போயிருக்கா. வண்டியிலயே பொறந்துடுச்சு குழந்தை! நீங்க இங்க விளையாடிட்டு இருக்கீங்க. தோக்கற ஆளாப் பார்த்துப் பிடிக்கறீங்க. மெர்ல் சரியாத்தான் சொன்னார்!"

டுவேன் வாயில் கேக்கோடு நின்றார். "பிரின்!" என்று லவோன் மூச்சுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. செப்டம்பருக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை. செத்தேன் என்று நினைத்தேன்.

"மெர்ல் என்ன சொன்னார்?" என்றார் ஆர்டிஸ்.

இனிமேல் பின்வாங்க முடியாது. "உங்களுக்கு ஜெயிக்கறதைவிடச் சண்டை போடறதுதான் பிடிக்கும்னு சொன்னார். காபி மேசையில. எல்லாருக்கும் தெரியும்."

ஆர்டிஸ் கைப்பையைத் தரையில் வைத்தார். கேக் தட்டையும் வைத்தார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, ஆனால் முகம்! ஐந்து மாதமாக நாங்கள் பார்க்காத முகம்.

"அந்த மனுஷன் எட்டுத் தடவை ஜெயிக்கிற குதிரைன்னு சொல்லி நின்னார். அதுல எத்தனை குதிரை நவம்பர்ல ஜெயிச்சுது, கேட்டியா அவர்கிட்ட? ரெண்டு! என் ஆளுங்கள்லயும் ரெண்டு. சமம்தான். அதை அவர் காபி மேசையில சொல்லியிருக்க மாட்டாரே?"

"சொல்லல" என்றேன்.

"சொல்ல மாட்டார். இப்ப உன் மேயரம்மாவுக்கு வா. பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பத்தி என்ன சொல்றாங்க?"

அப்புறம் இருபது நிமிஷம். பள்ளிச் சாப்பாடு, காற்றாலை, தபால் ஆபீஸை மூடுவது, கவர்னரின் பல், எல்லாம் வந்தது. நான் கத்தினேன், அவர் கத்தினார். ஒரு இடத்தில் டுவேன் பொறுக்க முடியாமல், "எத்தனாலைப் பத்தி அன்னைக்கு நீங்க சொன்னது சுத்த முட்டாள்தனம், ஆர்டிஸ்! ராத்திரியெல்லாம் தூக்கமே வரல எனக்கு!" என்று பாய்ந்தார். "இதைச் சொல்ல உனக்கு ஒரு மாசமாச்சா?" என்றார் ஆர்டிஸ்.

லவோன் மணி அடித்தாள். மூலைக்குப் போகச் சொன்னாள்.

"வாங்க மிஸஸ் தோர்சன்" என்று கையை நீட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். "எதுக்குக் கிம்பல்னு கேட்டியே. கூட்டத்தோட நின்னா யாரு வந்து பேசுவாங்க? தனியா நிக்கறவங்ககிட்டதானே எல்லாரும் வந்தாகணும், அதான் சட்டம். வந்தாங்க. நீ ஒருத்திதான் பேசின." என் கையை விட்டார். "ஆஸ்பத்திரி விஷயத்துல உன் பக்கம்தான் நியாயம். ஆனா உன்கூட வந்து நின்னுட்டா, நாளைக்கு நாம எதைப் பத்திச் சண்டை போடறது?"

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜிம்மின் குறுக்கே, மல்யுத்தப் பாய்கள் இருக்கும் மூலைக்கு. டுவேன் நகர்ந்து வழிவிட்டார். ஆர்டிஸ் அந்தப் பாய் அடுக்கில் ஒரு கையை வைத்தார், பிறகு மெதுவாகச் சாய்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மூலையில் நின்றார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டுத்தான் நின்றார். அந்த இடத்தில் யாரும் போய் நிற்கவில்லை.

எங்கள் ஐந்து பேருக்கும் கணக்கில் இடமில்லாமல் போனது. அன்று இரவு வண்டியில் உட்கார்ந்து அழுதேன். மேயருக்காகத்தான் அழுதேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளினிக்கின் தொலைபேசி அடித்தது.

"உன் மேயரம்மா ரேடியோவுல பேசினதைக் கேட்டியா? அப்பட்டமான தப்பு."

அப்போதிலிருந்து தினமும் பத்து மணி. மற்ற மாநிலங்களில் ஒவ்வொன்றாகத் தேர்தல் நடந்து வந்தது, நாங்கள் ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டோம். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சமையலறையில் வேறு சத்தமே கேட்காது. கடிகாரம் மட்டும் கேட்கும், எப்போதாவது ஹீட்டர் ஓட ஆரம்பிப்பது கேட்கும். அந்தச் சமையலறை எவ்வளவு பெரிதாகிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் மாதம் ஒரு நாள், கவர்னர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டதைத் தேடிக் கண்டுபிடித்து, தேதியோடு வாசித்துக் காட்டினேன். கடிகாரம் ஓடியது.

"பிரின்" என்றார் கடைசியில். "நாயை வெளியே கூட்டிட்டுப் போகணும்."

அந்த வீட்டில் நாய் இல்லை. பஸ்டரின் மருத்துவக் கோப்பை மூடி அலமாரியில் வைத்தவளே நான்தான்.

"சரி மிஸஸ் தோர்சன்" என்றேன். "கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. வெளியே வழுக்குது, பார்த்து. நாளைக்குப் பேசிக்கலாம்."