கொலுவுக்கு வந்த எட்டு மீன்கள்

ஜானு துடைத்த தரையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு. அப்படி விழுந்த ஈ ஒன்று இடுப்பு ஒடிந்து மூன்று நாள் ஜன்னலோரம் படுத்திருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் கழுவப்படாமல் தப்பிக்கிற ஒரே பொருள் அவள் கணவர் சுந்தரராமன்தான். அவரும் விடிந்ததும் நூலகத்துக்கு ஓடிவிடுவதால் தப்பித்தார்.

முப்பத்தோரு வருஷம் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். ஊரார் பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, தன்னிடம் தப்பு என்று ஒன்று இருக்கலாம் என்பதையே மறந்துபோனவள்.

அந்த வருஷம் நவராத்திரிக்குக் கொலுப்படிக்கு முன்னால் வழக்கமான தாம்பாளத் தண்ணீரும் பிளாஸ்டிக் வாத்தும் வேண்டாம், நிஜ மீன்தொட்டி வைக்கலாம் என்று தோன்றியது. தோன்றிய கையோடு அடுக்குமாடி வாட்ஸப்பில் ‘இந்த முறை எங்காத்துக் கொலுவில் உயிருள்ள மீன்கள்’ என்று அழைப்பும் போட்டாள். மீன்தான் பாக்கி.

சைதாப்பேட்டையில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சிம்ரா மீன் தர மாட்டேனென்றாள்.

“மீனு இப்ப இல்ல மாமி. தொட்டி, மணலு, மோட்டாரு, தண்ணிய வடிகட்ற ஸ்பாஞ்சு எடுத்துக்கினு போங்க. ஒரு மாசம் தண்ணி மட்டும் ஓடட்டும்.”

“வெறும் தண்ணியை ஒரு மாசம் பாத்துண்டு உக்காரச் சொல்றியா?”

“வெறும் தண்ணி இல்ல. டெய்லி ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்க. அது அழுகும், விஷம் வரும். அந்த விஷத்தைத் தின்னுற பூச்சிங்க, கண்ணுக்குத் தெரியாது, மெதுவா ஸ்பாஞ்சுல குடி வரும். மீனோட அழுக்கையும் அதுங்கதான் தின்னும். அதுங்க வந்தப்புறம்தான் மீனு. சைக்கிளிங்னு சொல்லுவாங்க.”

ஜானு கெட்டிக்கார மாணவி. குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்து மருந்து வாடை போனபிறகே ஊற்றினாள். இருபத்தொன்பது நாள் சிட்டிகை தவறவில்லை. முப்பதாம் நாள் ஊறுகாய் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். சிம்ரா அதில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். பச்சையானால் விஷம், மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். எலுமிச்சம்பழ மஞ்சளாக நின்றது.

“பாஸ் மாமி! ஞாயித்துக்கெழம வந்து மீனை வாங்கிக்கினு போங்க.”

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்துவிட்டதுதான் வினை. பொம்மைகளைத் துடைத்து முடித்த ஜானுவின் கண்ணில் ஸ்பாஞ்ச் பட்டது. பழுப்பாக, வழவழவென்று பாசி மாதிரி. கொலு வைக்கிற ஆத்தில் இப்படி ஓர் அழுக்கா? கை தானாகப் போயிற்று. பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சைப் பவுடர் போட்டு, குழாயடியில் மூன்று தரம் கசக்கிப் பிழிந்து, மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தி, மறுபடி தொட்டியில் வைத்தாள். மாதம் முழுக்கக் குடியேறிய கோடி ஜீவன்களும் நுரையோடு நுரையாகச் சாக்கடைக்குப் போயின.

ஞாயிறன்று ஆரஞ்சு நிறத்தில் எட்டு மீன்கள் வந்தன. திங்கட்கிழமை வந்தவர்கள் சுண்டலை மறந்து பார்த்தார்கள். செவ்வாயன்று எட்டும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. “உங்காத்து மீன்கூடப் பாட்டு பாடறதே மாமி!” என்று எதிர்வீட்டு ஸ்ரீலக்ஷ்மி கைதட்டினாள். புதன் காலையில் ஐந்து மல்லாந்திருந்தன.

“சைதாப்பேட்டைல சீக்கு மீனை என் தலைல கட்டிட்டா” என்று அன்று பதினோரு பேரிடம் சொன்னாள் ஜானு. சாயங்காலம் கடைசி மீனை முறத்தில் எடுக்கும்போதுதான் ‘ஸ்பாஞ்சுல குடி வரும்’ என்ற சிம்ராவின் குரல் காதில் கேட்டது. அப்போது பார்த்துப் பன்னிரண்டாவது ஆள் வந்து “மீன் எங்கே மாமி?” என்றாள். ஜானு அவளிடமும் அதையேதான் சொன்னாள்.

சொல் ஊரைச் சுற்றிக்கொண்டு சிம்ராவுக்கும் போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை சொட்டு மருந்துப் பையோடு வந்து நின்றாள். கூடம் நிறையப் பெண்கள். குடியிருப்பு வாசலில் பெரிய தொட்டி வைக்கும் வேலையைச் சிம்ராவுக்குக் கொடுப்பதாக இருந்த ஸ்ரீலக்ஷ்மி முன்வரிசையில்.

பாட்டிலில் எடுத்து மருந்து விட்டதும் தொட்டித் தண்ணீர் கரும்பச்சையானது. சிம்ரா மெல்லக் கேட்டாள்: “ஸ்பாஞ்சை ஏதாச்சும் கழுவினீங்களா மாமி?”

“இல்லையே” என்றாள் ஜானு. அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது!

சிம்ரா ஸ்பாஞ்சை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கணம் ஜானுவைப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். “அப்ப என் மீனுலதான் கோளாறு இருந்திருக்கும். மன்னிச்சிக்கோங்க மாமி.”

“அப்போ நம்ம வாசல் தொட்டியும் வேண்டாம்மா, தப்பா நெனச்சுக்காதே” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

ஜானு கொடுத்த வெற்றிலை பாக்கையும் சுண்டலையும் சிம்ரா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். அந்த இரண்டு கையைத்தான் ஜானுவால் தாங்க முடியவில்லை.

எல்லாரும் போனபின் சுந்தரராமன் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார்: “போன வெள்ளிக்கிழமை கொடியில என் பனியனுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பாஞ்ச் தொங்கித்து.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்தேள்?”

“நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்.”

கணக்குப் புத்தகத்தால் மண்டையில் தட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முப்பத்தோரு வருஷமாக வகுப்பில் எழுப்பி நிறுத்திய அத்தனை பேரும் இப்போது உட்கார்ந்துகொண்டு தன்னை நிற்கவைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஸ்ரீலக்ஷ்மி வீட்டுக் கொலு. கும்பலாகப் பெண்கள். “மாமி, ஒரு பாட்டுப் பாடுங்கோ” என்று சுருதிப் பெட்டியை யாரோ போட்டுவிட்டார்கள். ஜானு வாயைத் திறந்தாள்.

“மீனைக் கொன்னது நான்தான். ஸ்பாஞ்சைப் பாத்திரப் பவுடர் போட்டுத் தேச்சேன். அந்தப் பொண்ணு பேர்ல பழியைப் போட்டேன். நேத்திக்கு எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன்.”

சுருதிப் பெட்டி மட்டும் அது பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி வாயிலிருந்த சுண்டலை மெல்வதை நிறுத்தினாள். பிறகு பின்வரிசையில் யாரோ “பாத்திரப் பவுடரா!” என்று களுக்கென்றாள், கூடமே சிரித்தது. திட்டியிருந்தால் தேவலை. காது மடல் எரிய, ஜானு சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

“ஸ்ரீலக்ஷ்மி, அவளுக்கு போன் பண்ணு. இப்பவே. எல்லார் காதுலயும் விழட்டும்.”

ஸ்பீக்கரில் சிம்ரா வந்தாள். ஜானு மறுபடி முழுவதும் சொன்னாள். இரண்டாம் தரம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு நேத்தே தெரியும் மாமி. எலுமிச்ச வாசம் வந்துச்சே.”

“ஏம்மா அப்பவே சொல்லலை?”

“உங்க வீட்ல, நீங்க கூப்ட்டவங்க முன்னாடி, எப்டி மாமி சொல்றது?”

ஸ்ரீலக்ஷ்மி அவசரமாகக் குறுக்கிட்டு, வாசல் தொட்டி வேலை உனக்கேதான், நான் சொன்னதை மறந்துடு என்றாள். சிம்ரா சரிங்க என்றாள். குரலில் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

“சிம்ரா, எனக்கு மறுபடி மீன் கொடுப்பியா?” என்று கேட்டாள் ஜானு.

மறுமுனையில் சிம்ரா யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது.

“மொதல்ல தண்ணி ரெடியாகட்டும் மாமி. அப்பறம் பாக்கலாம்.”